காலோமெல்: ஓர் அரிய பாதரசக் கனிமத்தில் பலரும் தடுக்கி விழும் இடங்கள்

டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டி டெர்லிங்குவா என்று ஒரு ஊர். இன்றைக்கு அது ஆண்டுதோறும் நடக்கும் சில்லி சமையல் போட்டிக்குப் பெயர்போனது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்த ஊருக்குச் சோறு போட்டது பாதரசம். ஹோவர்ட் பெர்ரி 1903இல் தொடங்கிய சிசோஸ் சுரங்க நிறுவனம், 1942இல் திவாலாகும்வரை அங்கே தோண்டிக்கொண்டிருந்தது. வெட்டி எடுத்ததில் பெரும்பங்கு சிவப்பு நிறச் சின்னபார், அதாவது நம் ஊரில் லிங்கம் என்று சொல்வது. ஆனால் கனிமம் சேகரிப்பவர்கள் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் காதைத் தீட்டிக்கொள்வது சின்னபாருக்காக அல்ல. அதோடு ஒட்டிக்கொண்டு வந்த அரிய கனிமங்களுக்காக. அவற்றில் ஒன்று காலோமெல். பாதரசமும் குளோரினும் மட்டுமே சேர்ந்த கனிமம். எடையில் சுமார் 85 விழுக்காடு பாதரசம்.

ஜெர்மனியின் மோஷெல்லாண்ட்ஸ்பெர்க், ஸ்பெயினின் அல்மாதென் போன்ற பழைய பாதரசச் சுரங்கங்களிலும் இது கிடைத்திருக்கிறது. எங்கே கிடைத்தாலும் அளவு கொஞ்சம்தான். மற்ற பாதரசக் கனிமங்கள் சிதைந்து மாறும்போது பிறக்கும் இரண்டாம் நிலைக் கனிமம் இது. மில்லிமீட்டர் கணக்கில் சிறு படிகங்களாகவோ பாறை மேல் மெல்லிய பூச்சாகவோ இருக்கும். சிறியதாகவும் அரியதாகவும் இருப்பதாலேயே இதைப் பற்றித் தப்பும் தவறுமாக எழுதுவது அதிகம்.

முதல் தவறு வேதி வாய்பாட்டில். ஒரு பாதரச அணுவுக்கு ஒரு குளோரின் என்று சுருக்கி எழுதிவிடுகிறார்கள். விகிதக் கணக்கில் அது சரிதான், ஆனால் பொருள் அப்படி இல்லை. காலோமெலில் இரண்டு பாதரச அணுக்கள் ஒன்றோடொன்று நேரடியாகப் பிணைந்து ஜோடியாக இருக்கின்றன. அந்த ஜோடியின் இரு முனையிலும் ஒவ்வொரு குளோரின், நான்கும் ஒரே நேர்கோட்டில். பாதரச அணுக்களுக்கு இடையே தூரம் சுமார் 2.5 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). தனித்தனி அணுவாக இருந்திருந்தால் ஒவ்வொன்றிலும் இணை சேராத எலக்ட்ரான் ஒன்று மிஞ்சியிருக்கும். பொருள் காந்தப் புலத்தால் ஈர்க்கப்பட்டிருக்கும். காலோமெல் ஈர்க்கப்படுவதில்லை. எனவே இரண்டு பாதரசம், இரண்டு குளோரின் என்றுதான் எழுத வேண்டும். இதைச் சின்னப் பிழை என்று விட்டுவிட முடியாது. இந்த நேர்கோட்டு மூலக்கூறுகள் அடுக்கப்படும் விதத்தால்தான் படிகம் நாற்கோணத் தொகுதியில் (மூன்று அச்சுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்து, இரண்டு மட்டும் சம நீளம்) சேர்கிறது. கீழே சொல்லப்போகும் வினோதமான ஒளிப் பண்பும் அதிலிருந்தே வருகிறது. ஜோடியை மறந்தால் மீதி எல்லாம் புரியாமல் வெறும் மனப்பாடம் ஆகிவிடும்.

அடுத்தது வகைப்படுத்தல். ‘பாதரசக் கனிமங்கள்’ என்று ஒரு வகுப்பு இருப்பதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுரங்கக்காரருக்கு அது வசதியான பெயர், அவ்வளவே. கனிமவியலில் வகுப்பைத் தீர்மானிப்பது உலோகம் இல்லை. அதோடு சேர்ந்திருக்கும் எதிரயனி, அதாவது எதிர்மின் சுமை கொண்ட பகுதி. டெர்லிங்குவாவின் ஒரே பாறைத் துண்டை எடுத்துக்கொள்வோம். அதில் உருண்டு நிற்கும் பாதரசத் துளி தனிமங்கள் வகுப்பில் போகும். சின்னபார் சல்பைடு, அதாவது கந்தகத்தோடு சேர்ந்தது. செம்பழுப்பு ஊசிகளாக வளரும் மாண்ட்ராய்டைட் ஆக்சைடு. காலோமெல் ஹாலைடு, அதாவது குளோரின், புரோமின், அயோடின் போன்றவற்றோடு சேர்ந்தது. எக்லெஸ்டோனைட், டெர்லிங்குவாயைட் இரண்டிலும் ஆக்சிஜனும் குளோரினும் சேர்ந்திருப்பதால், ஹாலைடுகளுக்குள்ளேயே ஆக்சிஹாலைடு என்ற பிரிவில் வரும். உள்ளங்கை அளவுக் கல்லில் நான்கு வகுப்பு.

ஹாலைடு என்றதும் சமையல் உப்பின் குடும்பத்தில் காலோமெலைத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. உப்பில் அயனிகள் கனசதுரமாக அடுக்கப்பட்டிருக்கும். காலோமெலுக்கு உடன்பிறந்தவை வேறு: குளோரின் இடத்தில் பெரும்பாலும் புரோமின் வந்தால் குஸ்மினைட், அயோடின் வந்தால் மோஷெலைட். மூன்றிலும் அதே பாதரச ஜோடி, அதே நாற்கோண அமைப்பு. இவை சேர்ந்ததுதான் காலோமெல் குழு.

இங்கே இன்னொரு எச்சரிக்கை. பழைய புத்தகத்தில் பார்த்த வாய்பாட்டை அப்படியே நம்ப வேண்டாம். எக்லெஸ்டோனைட்டை ஆல்ஃபிரட் மோசஸ் 1903இல் விவரித்தார். பிறகு வெகு காலம், நான்கு பாதரசம், ஒரு ஆக்சிஜன், இரண்டு குளோரின் என்றே அச்சாகிக்கொண்டிருந்தது. அதில் ஹைட்ரஜனும் இருக்கிறது என்பதை 1992இல் நியூட்ரான் விளிம்பு விலகல் ஆய்வு (படிகத்தில் பட்டுச் சிதறும் விதத்தை வைத்து அணுக்களின் இடத்தைக் கண்டறிவது) உறுதி செய்தது. கனமான பாதரசத்துக்குப் பக்கத்தில் ஹைட்ரஜன் எக்ஸ்கதிருக்குக் கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது, நியூட்ரானுக்குத் தெரியும்.

சரி, கையில் இருக்கும் துணுக்கு காலோமெல்தானா என்று எப்படிப் பார்ப்பது? நிறத்தை வைத்து முடிவு செய்வதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. புதிதாக வெட்டியபோது நிறமற்றோ வெள்ளையாகவோ வைரம் போன்ற மினுக்கத்தோடு இருக்கும். வெளிச்சம் பட்டால் மேற்பரப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பாதரசமாகவும் பாதரச டைகுளோரைடாகவும் பிரியும். சாம்பல், பழுப்பு என்று கறுத்துக்கொண்டே போகும். அதனால் இணையத்தில் கிடைக்கும் படத்தோடு ஒப்பிட்டுப் பெயர் வைப்பதில் அர்த்தமே இல்லை. அந்தப் படம் எடுக்கும் முன் கல் எத்தனை காலம் ஜன்னலோரம் இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

கறுப்பது காலோமெல் மட்டுமா என்றால் அதுவும் இல்லை. வெள்ளிக் குளோரைடான குளோரார்கைரைட்டும் மென்மையானது, கத்தியால் மெழுகுபோல் சீவலாம், வெளிச்சத்தில் கறுக்கும். இரண்டையும் குழப்புவது வெகு சாதாரணம். ஆனால் குளோரார்கைரைட் கனசதுரப் படிகம், அடர்த்தி சுமார் 5.5. காலோமெல் நாற்கோணம், அடர்த்தி ஏழைத் தாண்டும். வெள்ளை நிறமும் பளபளப்பும் கனமும் கொண்ட செருசைட் என்ற ஈயக் கார்பனேட்டும் ஏமாற்றும். அதன் கடினத்தன்மை மோ அளவுகோலில் 3க்கு மேல், காலோமெலுடையது 1.5 அளவில்தான். எக்லெஸ்டோனைட் மஞ்சளில் தொடங்கிக் கறுக்கும், கனசதுரம்.

இவற்றைப் பிரித்தறிய நல்ல உதவி புற ஊதா விளக்கு. காலோமெல் அதில் சிவப்பாக ஒளிரும். இதிலும் இரண்டு தவறு நடக்கிறது. சிவப்பு தெரிந்துவிட்டால் காலோமெல்தான் என்று சத்தியம் செய்வது ஒன்று: கால்சைட் உட்பட எத்தனையோ கனிமங்கள் சிவப்பாக ஒளிரும். அழகாக இருக்கிறதே என்று விளக்கை எரியவிட்டே வைப்பது மற்றொன்று: அந்த ஒளியே அதைச் சிதைக்கும். சில விநாடி பார்த்துவிட்டு அணைத்துவிட வேண்டும்.

நுண்ணோக்கி வைத்திருப்பவர்களுக்கு இதைவிட உறுதியான வழி உண்டு. காலோமெலின் ஒளிவிலகல் எண்கள் ஏறத்தாழ 1.97, 2.66. வித்தியாசம் 0.68. ஒளிக்கதிர் படிகத்துக்குள் இரண்டாகப் பிரியும் இரட்டை விலகலுக்குப் பாடப்புத்தக உதாரணமான கால்சைட்டில் அது வெறும் 0.17. இயற்கைக் கனிமங்களில் இவ்வளவு பெரிய வித்தியாசம் மிக அபூர்வம். குறுக்கு முனைவாக்கிகளுக்கு (ஒளியை ஒரே திசையில் அதிரவிடும், ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரு வடிகட்டிகளுக்கு) நடுவே வைத்துச் சுழற்றினால் கனசதுரமான குளோரார்கைரைட் எந்தப் பக்கமும் இருட்டாகவே இருக்கும். காலோமெல் பொதுவாக ஒளிர்ந்து ஒளிர்ந்து அணையும். ரத்தினக்கல் பார்க்கும் சாதாரண ரிஃப்ராக்டோமீட்டரில் இதை அளக்க உட்காராதீர்கள். அந்தக் கருவி 1.81 அளவோடு நின்றுவிடும்.

இனி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டிய தவறு. பழைய கனிமவியல் கையேடுகளில், கனிமப் பொடியைச் சலவைச் சோடாவோடு சேர்த்துக் கண்ணாடிக் குழாயில் சூடாக்கு, மேலே பாதரசத் துளி படிந்தால் பாதரசக் கனிமம் என்று ஒரு சோதனை இருக்கும். தயவுசெய்து வீட்டில் செய்ய வேண்டாம். படிந்த துளி கண்ணுக்குத் தெரியும். மூச்சில் போன ஆவி தெரியாது. வெறுமனே சூடாக்கினாலும் காலோமெல் சுமார் 380 டிகிரி செல்சியஸில் உருகாமல் நேரே ஆவியாகும். கீறிப் பார்ப்பதும் பொடித்துப் பார்ப்பதும் அப்படித்தான். சில மில்லிமீட்டர் படிகத்தைக் கீறினால் படிகமும் போய்விடும், தூசியும் பறக்கும். சந்தேகம் தீர வேண்டுமானால் எக்ஸ்கதிர் விளிம்பு விலகல் வசதியுள்ள பல்கலைக்கழக ஆய்வகம்தான் வழி.

அப்புறம், மருந்துக் குழப்பம். சித்த மருத்துவத்தில் பூரம் என்பது காலோமெலின் வேதிப்பொருள். வீரம் என்பது பாதரச டைகுளோரைடு. இரண்டும் வெள்ளை. காலோமெல் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மில்லிகிராம் அளவுகூடச் சரியாகக் கரையாது. வீரம் அறை வெப்பநிலையில் 100 மில்லிலிட்டருக்கு ஏழு கிராம்போல் கரையும், கொடிய நஞ்சு. ஒன்றை மற்றொன்றாக எண்ணுவது உயிருக்கே ஆபத்து. அதற்காகக் கரையாதது தீங்கற்றது என்றும் நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கொடுத்த பொடிகளில் காலோமெல் இருந்தது. கை கால் சிவந்து உரியும் ‘பிங்க் நோய்’ அதனால்தான் என்று தெரிந்து, 1950களில் அந்தப் பொடிகளிலிருந்து அதை நீக்கிய பிறகே நோய் அடங்கியது.

கடையில் வாங்கும் பூரத்தைக் கனிம மாதிரி என்று அலமாரியில் வைப்பதும் தவறு. அது செய்யப்பட்டது. துத்தநாக உருக்காலைகளில் புகையிலுள்ள பாதரசத்தைப் பாதரச டைகுளோரைடுக் கரைசலால் கழுவிப் பிடிக்கும்போது டன் கணக்கில் வீழ்படிவாவதும் காலோமெல்தான். சேர்மம் ஒன்றாக இருந்தாலும், இயற்கையில் உருவானால்தான் கனிமம் என்ற பெயர் கிடைக்கும்.

உண்மையான மாதிரி கையில் இருந்தால் மூடிய, வெளிச்சம் புகாத சிறு பெட்டியில், ஊர்ப் பெயரும் சுரங்கப் பெயரும் எழுதிய சீட்டோடு வையுங்கள். தொட்டால் கையைக் கழுவுங்கள். தூசி படிந்தால் கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். அவற்றில் பலவற்றில் அம்மோனியா உண்டு. அம்மோனியா பட்டதும் காலோமெலிலிருந்து நுண்துகள் பாதரசம் பிரிந்து கல் கறுத்துவிடும். அந்தக் கறுப்பைத் திரும்ப வெளுப்பாக்க முடியாது.