ஸ்கோப் நார்மல், ஸ்கேன் நார்மல், ஆனா வலி மட்டும் போகலையா? நரம்பையும் ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க

எங்க சித்தி பொண்ணுக்கு பீரியட்ஸுக்கு நாலஞ்சு நாள் முன்னாடி வயித்துல பிடிச்சுக்கும், ஓமத்தண்ணி பெருங்காயம்னு ஆரம்பிச்சு கேஸ் மாத்திரை, ட்ரிப்ஸ்னு போய் கடைசில அப்பெண்டிக்ஸையே எடுத்துட்டாங்க, பயாப்சில அது நல்லாதான் இருந்துச்சு. வலி அடுத்த மாசமே திரும்பி வந்துருச்சு. "டென்ஷன்மா, கல்யாணம் பண்ணி வைங்க"ன்னு கூட ஒருத்தர் சொன்னார்.

கண்டுபிடிச்சது எப்படின்னா, வார்டுல ஜன்னலோரம் ஒரு யூரின் பாட்டில மறந்து வச்சுட்டாங்க. காலைல மஞ்சளா இருந்தது சாயங்காலம் நன்னாரி சர்பத் கலர்ல நிக்குது. நைட் டூட்டி டாக்டர் அதப் பாத்துட்டுதான் போர்ஃபிரியாவான்னு கேட்டார்.

விஷயம் இதுதான். உடம்பு ஹீம்னு ஒண்ணு தயாரிக்குது, ரத்தத்துல ஆக்சிஜன சுமக்கறது அதுதான், அத தயாரிக்கிற ஒரு என்சைம் பாதிதான் வேலை செஞ்சா நடுவுல ஏஎல்ஏ, பிபிஜின்னு ரெண்டு பொருள் தேங்கிடும், அது நரம்பக் கெடுக்கும். வலி குடல்ல இல்ல, குடலுக்குப் போற நரம்புல. அதான் ஆளு துடிப்பாங்க, வயித்த அமுக்கினா மெத்துன்னு இருக்கும்.

சரி, எப்ப சந்தேகப்படணும்? வயித்து வலின்னா பெரும்பாலும் சாதாரண காரணம்தான், பயந்துக்காதீங்க. ஆனா வலி வந்து வந்து போகுது, கூடவே மலச்சிக்கல், பல்ஸ் படபடன்னு ஓடுது, தூக்கம் இல்ல, ப்ளட் டெஸ்ட்ல சோடியம் கம்மி, கை கால் வலுவில்லாம போகுதுன்னா போர்ஃபிரியாவா இருக்குமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. ஒரு நோட்டுல எழுதி வைங்க: வலி வந்த தேதி, பீரியட்ஸ் தேதி, விரதமோ டயட்டோ இருந்தீங்களா, புதுசா என்ன மாத்திரை. பட்டினியும், சல்ஃபா, ஃபெனிடாயின் மாதிரி சில மருந்துகளும் இத கிளப்பி விடும். வலிப்பு வந்தா ஃபெனிடாயின் குடுக்கறது வழக்கம்ங்கறதால இது ரொம்ப முக்கியம்.

டெஸ்ட்லதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. கேக்க வேண்டியது யூரின் பிபிஜி, ஏஎல்ஏ, கூட க்ரியேட்டினின். வெறும் 'போர்ஃபிரின்' டெஸ்ட்னு எழுதினா பத்தாது, அது வேற காரணத்துலயும் ஏறும். வலி இருக்கும்போதே சாம்பிள் எடுக்கணும், நல்லா இருக்கறப்ப எடுத்தா சிலருக்கு நார்மல்னு வந்துரும். பாட்டில அலுமினியம் ஃபாயில்ல சுத்திக் குடுங்க, வெளிச்சம் பட்டா கெட்டுப்போகும். ஏஎல்ஏ மட்டும் ஏறி பிபிஜி நார்மலா இருந்தா ரத்தத்துல ஈயம் பாக்கச் சொல்லுங்க, பஸ்பம் செந்தூரம் சாப்பிட்டிருந்தா மறைக்காம சொல்லிருங்க.

இன்னொண்ணு, ரெண்டு நாளுக்கு மேல விடாத விக்கலோ வாந்தியோ, ஸ்கோப் சுத்தமா இருக்கு. மூளைத்தண்டுல வாந்திக்குன்னு ஒரு இடம் இருக்கு, என்எம்ஓ (நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா)ங்கற நரம்பு வியாதி அங்க வீக்கம் குடுக்கும். 2015ல வந்த டயக்னோசிஸ் விதிமுறைல இந்த விக்கல் வாந்தியையே ஒரு முக்கிய அடையாளமா சேத்துட்டாங்க. மூளை எம்ஆர்ஐயும் அக்வாபோரின்-4 ஆன்டிபாடி ரத்த டெஸ்ட்டும் கேளுங்க, தள்ளிப்போட்டா அடுத்து கண்ணோ தண்டுவடமோ அடிபடலாம்.

நின்னா தலைசுத்தி, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு ரொம்பிடுதா? பிபியையும் வயித்தையும் தானா பாத்துக்கற நரம்பு கெட்டாலும் இப்படி வரலாம். படுத்துட்டு ஒரு தடவ, எந்திரிச்சு நின்னு 3 நிமிஷத்துக்குள்ள ஒரு தடவ பிபி பாருங்க, மேல் நம்பர் 20 குறைஞ்சா அந்த ரீடிங்க நியூரோ டாக்டர்கிட்ட காட்டுங்க. மூச்சு வாங்குது, கை தூக்க முடியல, வலிப்புன்னா நோட்டெல்லாம் அப்புறம், நேரா எமர்ஜென்சி.

தங்கச்சிக்கு ஹெமின்ங்கற ஒரு ஊசி நாலு நாள் ஏத்துனாங்க, அடங்குச்சு. பரம்பரையா வர்றதுன்னு சித்திக்கும் தம்பிக்கும் டெஸ்ட் எடுத்தோம், சித்திக்கு ஜீன் இருக்கு, ஆனா ஒரு நாள் கூட வலிச்சதில்ல, பாதிப் பேருக்கு மேல இப்படித்தான் தெரியாமலே இருப்பாங்களாம். தங்கச்சி இப்ப பர்ஸுல போர்ஃபிரியா இருக்குன்னு எழுதின ஒரு கார்டு வச்சிருக்கா, மெடிக்கல்ல தலைவலி மாத்திரை வாங்கினாலும் முதல்ல அதத்தான் நீட்டுறா.