கொக்கிப்புழுவைத் தடுக்க செருப்பிலிருந்து ஆரம்பியுங்கள்

வயிற்றுப் பூச்சி என்றாலே கை கழுவச் சொல்வார்கள், நல்லதுதான், ஆனால் கொக்கிப்புழு பெரும்பாலும் கால் வழியாகத்தான் வரும். திறந்தவெளியில் கழித்த மலத்திலுள்ள முட்டை ஈரமான, நிழலான மண்ணில் ஓரிரு நாளில் பொரியும். ஒரு வாரம், பத்து நாளில் அந்தக் குட்டிப்புழு வெறுங்காலைத் துளைத்து, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, நாம் விழுங்கியதும் சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்க ஆரம்பிக்கும்.

அதனால் தோட்டம், வயல் எங்கே போனாலும் செருப்பு, சேற்று வேலைக்குப் பூட்ஸ். கழிப்பறையைக் கட்டினால் போதாது, வீட்டில் எல்லோரும் அதையே பயன்படுத்த வேண்டும்.

பிள்ளை வெளுத்துப்போய், சீக்கிரம் களைத்து, மண்ணைத் தின்றால் ரத்தமும் மலமும் பரிசோதியுங்கள். வழக்கமான மருந்து அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரே வேளை, ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குப் பாதி. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. இந்தியாவில் பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளி, அங்கன்வாடிகளில் இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

அப்புறம், மாத்திரை உள்ளே இருக்கும் புழுவைத்தான் கொல்லும், நாளைக்கே வெறுங்காலோடு அதே மண்ணில் நடந்தால் திரும்பவும் வரும். புழு குடித்து ரத்தம் குறைந்ததற்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் டீயோடு மட்டும் வேண்டாம்.