ரிட்டர்ன் டக்ட் விசிலடிக்கிறதா, தூசி வருகிறதா?

வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர் ஓடும்போது, அறைக் காற்றை ஹீட்டருக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயான ரிட்டர்ன் டக்ட் காற்றை உறிஞ்சும். இணைப்பில் இடைவெளி இருந்தால் பரண், சுவர் இடுக்குத் தூசியையும் சேர்த்தே இழுக்கும். மெல்லிய டிஷ்யூ துண்டை ஒவ்வொரு இணைப்பிலும் பிடித்துப் பாருங்கள். டக்ட்டோடு ஒட்டிக்கொண்டால் அங்கேதான் கசிவு. ஹீட்டரை நிறுத்தி, இடத்தை நன்றாகத் துடைத்துவிட்டு மாஸ்டிக் (இடைவெளியை அடைக்கும் பசை) பூசுங்கள், இல்லையென்றால் அலுமினிய ஃபாயில் டேப் ஒட்டுங்கள். துணி டேப் வேண்டவே வேண்டாம், சூட்டில் காய்ந்து உரிந்துவிடும். எரிவாயு ஃபர்னஸ் (எரிவாயுவில் ஓடும் ஹீட்டர்) என்றால் அதன் பக்கத்து இணைப்புகளை முதலில் அடைத்துவிடுங்கள். கசிவு வழியே எரிபுகை வீட்டுக்குள் வரக்கூடும்.

அப்புறம் அந்த விசில். காற்று ஃபில்டரைக் கழற்றி ஹீட்டரை ஒரே ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். சத்தம் நின்றால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது தேவைக்கு மேல் நெருக்கமான ரகம். டக்ட்டுக்குள் காற்று நுழையும் கிரில்லை மறைக்கும் சோபாவையும் நகர்த்துங்கள்.