கோலாலம்பூரில் முக்குளிக்கத் துணை தேடுபவர்களுக்கு

கோலாலம்பூரில் கடல் இல்லை. தூத்துக்குடி, ராமேஸ்வரம், யாழ்ப்பாணம் என்று கடற்கரையில் வளர்ந்து, மூச்சடக்கி முக்குளித்து மீன் பிடித்துப் பழகி, இங்கே வேலைக்கு வருபவர்களுக்கு முதல் மாதத்திலேயே இது உறைக்கும். பக்கத்திலிருக்கும் போர்ட் டிக்சனுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஆனால் மலாக்கா நீரிணையின் நீர் பெரும்பாலும் கலங்கியே இருக்கும். பினாங்கிலும் அதே கதைதான். தெளிந்த நீர் வேண்டுமென்றால் கிழக்குக் கரையில் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் தீவுகளுக்குப் போக வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவமழைக் காலம். அங்கே கடல் கொந்தளிக்கும், விடுதிகளில் பலவும் மூடியிருக்கும்.

ஆகவே இங்கே கடலைவிட முதலில் தேட வேண்டியது ஆளைத்தான். மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் கல்லோடு இறங்குபவருக்கு மேலே கயிறு பிடிக்க ஒருவர் இருந்தார். அவர் இல்லாமல் யாரும் இறங்கவில்லை. நாமும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மயக்கம் ஆழத்தில் வருவதைவிட மேலே வரும்போதுதான் அதிகம் வருகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் நுரையீரலிலுள்ள கொஞ்ச ஆக்சிஜனும் போதுமானதுபோல் உடலுக்குத் தோன்றும். ஏற ஏற அழுத்தம் குறையும். கடைசி சில மீட்டரில் மூளைக்குப் போகும் ஆக்சிஜன் சட்டென்று விழும். இறங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சிழுத்து விட்டிருந்தால் ஆபத்து இன்னும் கூடும். மூச்சு முட்டும் உணர்வைத் தருவது கரியமில வாயு. அதை முன்பே வெளியேற்றிவிட்டால் எச்சரிக்கை மணி தாமதமாகத்தான் அடிக்கும். வலி இல்லை, பயம் இல்லை, நினைவு மட்டும் போய்விடும். பக்கத்தில் ஆள் இருந்தால் முகத்தை நீருக்கு மேலே தூக்கிப் பிடித்து, மாஸ்க்கைக் கழற்றி, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் சில நொடிகளில் மூச்சு திரும்பும். ஆள் இல்லாவிட்டால் அவ்வளவுதான்.

துணை கிடைக்க நல்ல வழி ஃப்ரீடைவிங், அதாவது மூச்சடக்கி முக்குளிக்கும் முதல்நிலைப் பயிற்சியில் சேர்வது. சான்றிதழ் தரும் அமைப்பு ஐடா (AIDA), எஸ்எஸ்ஐ (SSI), பாடி (PADI), எதுவானாலும் சரி. ஊரில் சின்ன வயதிலிருந்தே மூழ்கிப் பழகியவராக இருந்தாலும் சேருங்கள். மீட்புப் பயிற்சியை முறையாகக் கற்பது அங்கேதான். பயிற்சி முடிந்ததும் ஆசிரியரின் வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். நீச்சல்குளப் பயிற்சி எப்போது, காருக்கும் படகுக்கும் எத்தனை பேர் வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் ஓடும். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார்கள். கொஞ்ச நாளில் பழகிவிடும். குளத்திலிருந்து ஏறியதும் எல்லாரும் மாமாக் கடைக்கு, அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவுக்கடைக்குப் போவார்கள். நீங்களும் போங்கள். அடுத்த பயணத்தில் உங்களுக்கு இடம் உண்டா என்பது பெரும்பாலும் தே தாரிக் என்கிற ஆற்றிய பால் தேநீர் குடிக்கும்போதுதான் முடிவாகும். உள்ளூர்த் தமிழர்கள் இருந்தால் 'தம்பி, எங்க வேலை?' என்று அவர்களே பேச்சைத் தொடங்கிவிடுவார்கள்.

யாரோடு இறங்கலாம், யாரோடு கூடாது என்பதை ஆழக் கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். 'நான் இறங்கும்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள்?' என்று கேளுங்கள். 'நானும் பக்கத்தில் மீன் தேடிக்கொண்டிருப்பேன்' என்றால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். ஒருவர் கீழே என்றால் மற்றவர் மேலே. ஏறி வந்தவரை இன்னும் 30 நொடி கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். இருவருக்கு ஒரு ஈட்டித் துப்பாக்கி (மீனைக் குத்த ஈட்டியை எய்யும் கருவி) இருந்தால் இந்த ஒழுங்கு தானாகவே வந்துவிடும். நீர் கலங்கி, துணையின் கண்ணுக்கு நீங்கள் தெரியாத ஆழம் என்றால் அங்கே இறங்கவே கூடாது. பினாங்குப் பக்கம் பல நாள் இப்படித்தான் கரையிலிருந்தே திரும்ப வேண்டியிருக்கும்.

ஈட்டித் துப்பாக்கி விஷயத்தில் சட்டம் கடுமை. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி கடல் பூங்காக்களில் மீன் பிடிக்கக் கூடாது. பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான், பினாங்குக்கு வடக்கே உள்ள பாயார், எல்லாமே கடல் பூங்காக்கள். தீவைச் சுற்றி இரண்டு கடல் மைல் வரை தடை செல்லும். மீனைக் கொல்லக்கூடிய ஆயுதத்தோடு அந்த எல்லைக்குள் பிடிபடுவதே சிக்கல்தான். எனவே அங்கே வெறுங்கையோடு முக்குளியுங்கள், மீன்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஊரிலிருந்து துப்பாக்கியைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவராதீர்கள். சுங்கத் துறையிடமும் ஜபாத்தான் பெரிக்கானான் என்கிற மீன்வளத் துறையிடமும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் வேட்டையாடலாம் என்பதையும் அந்தத் துறையின் மாநில அலுவலகத்திலேயே கேட்பது நல்லது. படகுக்காரர் 'பரவாயில்லை லா' என்று சொல்வதை நம்பி இறங்க வேண்டாம்.

அப்புறம் ஒன்று: கெடா, கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அங்கத்திய நண்பரோடு போவதென்றால் இருவருக்கும் பொதுவான நாள் சனிக்கிழமைதான்.