பொலிகாளையைக் கழிப்பதற்கு முன்: விந்து சேகரிப்பிலும் பரிசோதனையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுண்ணோக்கியில் விந்தணுக்கள் அசையாமல் கிடப்பதைப் பார்த்ததும் 'இந்தக் காளை உதவாது' என்று எழுதிவிடுவது எளிது. அந்த ஒரு வரி, நல்ல பொலிகாளையை அடிமாடாக்கிவிடும். ஆனால் அந்தத் துளி காளையின் உடலைவிட்டு வெளியேறியதிலிருந்து கண்ணாடித் தகட்டுக்கு வந்து சேரும்வரை எத்தனை பாத்திரங்களைத் தொட்டிருக்கிறது, எவ்வளவு குளிரைத் தாங்கியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. குற்றம் விலங்குடையதா, நம் கையுடையதா என்று பிரித்தறிவதுதான் பரிசோதனையின் முதல் வேலை.

முதல் எதிரி குளிர்ச்சிதான். உடல் சூட்டிலிருந்து வரும் விந்து திடீரென்று குளிர்ந்தால் விந்தணுவின் மேற்சவ்வு சிதைகிறது. இயக்கம் நின்றுவிடுகிறது, வால் மடிந்து சுருள்கிறது. நான் தொழில் கற்ற நாட்களில், பனி விழும் காலையில் ஒரு காளையின் விந்தை வெறும் கண்ணாடிக் குழாயில் பிடித்துக்கொண்டு கொட்டகையிலிருந்து ஆய்வறைக்கு நடந்து வந்தேன். பாதிக்கு மேல் வால் சுருண்ட அணுக்கள். மறுவாரம் அதே காளை, அதே முறை. குழாயை மட்டும் வெதுவெதுப்பான உறையில் வைத்திருந்தோம். துளி முழுவதும் அலையலையாகச் சுழன்றது. அந்த ஒரு வார இடைவெளியில் காளைக்கு ஒன்றும் நேரவில்லை. குழாய்க்குத்தான் சூடு கிடைத்தது. சேகரிக்கும் குழாய், தகடு, மூடுதகடு, உறிஞ்சுகுழல், விந்தை நீர்க்கச் செய்து காக்கும் நீர்த்தகரைசல் என்று விந்தைத் தொடும் அத்தனையும் 37 பாகை செல்சியசுக்கு அருகில் இருக்கவேண்டும்.

இதைச் சொன்னால், 'பிறகு எப்படிக் குளிரூட்டிச் சேமிக்கிறார்கள்?' என்று கேட்பார்கள். முட்டை மஞ்சள் கருவோ பாலோ சேர்ந்த நீர்த்தகரைசலில் கலந்து, மெதுவாகக் குளிர்வித்தால் காளை விந்து 5 பாகை வரை தாங்கும். பன்றி விந்து அப்படியில்லை. அதை 17 பாகையை ஒட்டியே வைத்திருக்கவேண்டும். காளை விந்தைப் போல நினைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பெரும்பகுதி கெட்டுவிடும். வெள்ளாட்டுக் கிடாவிலும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதன் விந்துநீரில் உள்ள ஒரு நொதி முட்டை மஞ்சள் கருவோடு வினைபுரிந்து விந்தணுக்களுக்கு நஞ்சாகிறது. ஒரு விலங்குக்குப் பழகிய முறையை இன்னொன்றுக்கு அப்படியே பயன்படுத்துவது, நன்கு படித்தவர்களிடமும் நான் காணும் தவறு.

தண்ணீரும் சோப்பும் அடுத்த எதிரிகள். விந்தைப் பிடிக்கப் பயன்படும், வெந்நீர் நிரப்பிய இரட்டைச் சுவர்க் குழாயான செயற்கை யோனியின் உள்ளுறையில் ஒரு சிறு ஓட்டை இருந்து வெந்நீர் கசிந்தாலே போதும், விந்தணுக்கள் நீரை உறிஞ்சி வால் சுருண்டுவிடும். கிருமிநாசினியின் மிச்சம், தூள் தடவிய கையுறை, அளவுக்கு மீறிப் பூசிய வழுக்குக் களிம்பு எல்லாமே அணுக்களைக் கொல்லக்கூடியவை. களிம்பை நுழைவாயிலை ஒட்டி மெலிதாகத் தடவினால் போதும்.

காளைக்கான செயற்கை யோனியின் உட்புறச் சூடு, விலங்கு தாவும் நேரத்தில் 42 முதல் 45 பாகைக்குள் இருக்கவேண்டும். நீரை ஊற்றியபோது இருந்த சூட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது. குளிர்நாளில் அது சீக்கிரம் இறங்கிவிடும். சூடு குறைந்தால் காளை உந்தாமல் இறங்கிவிடும். மிஞ்சினால் சுட்டுவிடும், சுட்ட அனுபவத்தை அது நெடுநாள் மறப்பதில்லை. ஆண்குறியைக் கையால் பிடித்து இழுப்பதும் அப்படித்தான்; உறைத்தோலைப் பிடித்துத் திருப்பினால் போதும். அவசரப்பட்டு முதல் தாவலிலேயே சேகரித்துவிடாமல், ஓரிரு முறை தாவவிட்டு இறக்கினால் விந்தணு எண்ணிக்கை தெளிவாகக் கூடும். இந்தப் பொறுமையைப் பலர் வீண் நேரமாகக் கருதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மலக்குடலில் மின்கோலை வைத்துத் தூண்டும் மின்தூண்டல் முறையில் எடுத்த விந்து பெரும்பாலும் அளவில் கூடியும் அடர்த்தியில் குறைந்தும் இருக்கும். ஆகவே அதன் அளவையும் அடர்த்தியையும் வைத்துக் காளையை எடைபோடக் கூடாது. அதன் தாவும் ஆர்வத்தைப் பற்றியும் இம்முறை எதுவும் சொல்லாது. சிறுநீர் கலக்கும் வாய்ப்பும் அதிகம். ஆனால் மஞ்சளாக இருந்தாலே சிறுநீர் என்று கொட்டிவிடாதீர்கள். சில காளைகளின் விந்து ரைபோஃபிளேவின் என்ற வைட்டமினால் இயல்பாகவே மஞ்சளாக இருக்கும். முகர்ந்து பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, நாட்களை மறப்பது. காளையின் விரையில் ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 61 நாட்கள் ஆகும். அதன்பின் விரையை ஒட்டிய சுருள்குழாயான எபிடிடைமிஸ் வழியாகக் கடந்துவர ஒன்றிரண்டு வாரங்கள். இன்று நாம் பார்க்கும் விந்து, இரண்டு மாதத்துக்கும் முன்பு தொடங்கிய வேலை. கடும் காய்ச்சலோ வெப்ப அயர்ச்சியோ வந்தால் அதன் சேதம் சில வாரங்கள் கழித்தே விந்தில் தெரியும். காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள் பரிசோதித்து 'நன்று' என்று சான்று கொடுப்பதும் தவறு, ஒன்றரை மாதம் கழித்துப் பரிசோதித்து 'மலடு' என்று கழிப்பதும் தவறு. நீண்ட நாள் ஓய்விலிருந்த காளையின் முதல் விந்தில் தேங்கிக் கிடந்த பழைய, இறந்த அணுக்களே நிறைந்திருக்கும். இரண்டாவது, மூன்றாவது முறை எடுத்ததைப் பார்த்துப் பேசவேண்டும்.

இயக்கத்தை மட்டும் பார்த்துத் தேர்ச்சி கொடுப்பது இதற்கு நேர்மாறான பிழை. பல நாடுகளின் மருத்துவர்கள் பின்பற்றும் அளவுகோல், குறைந்தது 30 விழுக்காடு முன்னோக்கிய இயக்கமும் 70 விழுக்காடு இயல்பான உருவமும் கேட்கிறது. உருவத்துக்கான வரம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஈயோசின்-நிக்ரோசின் சாயமிட்டு 100 அணுக்களையாவது எண்ணாமல் இதைச் சொல்ல முடியாது. அதே அளவுகோலில் விரைப்பைச் சுற்றளவும் உண்டு: 15 மாதக் காளைக்குக் குறைந்தது 30 செ.மீ., இரண்டு வயது தாண்டியதற்கு 34 செ.மீ. அளவுநாடாவைச் சுற்றிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். கொழுக்கத் தீனி போட்ட காளையில் விரைப்பையின் கழுத்தில் கொழுப்பு படிந்து, விரை தன் சூட்டைத் தணித்துக்கொள்ள முடியாமல் போவதையும் அந்த ஒரு நிமிடத்தில் கை உணர்ந்துவிடும்.

விந்து அருமையாக இருந்தும் கால் நொண்டும் காளை தாவாது. டிரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியின் தொற்றுள்ள காளை நன்றாகத் தாவும், விந்தும் நன்றாக இருக்கும், ஆனால் பசுக்களின் கருவைக் கலைக்கும்; அதை உறைத்தோல் கழுவலைப் பரிசோதித்தே கண்டுபிடிக்க முடியும்.

முடிவு ஐயத்துக்கு இடமானால் 'தகுதி', 'தகுதியின்மை' இரண்டுக்கும் நடுவே 'ஒத்திவைப்பு' என்றொரு கட்டம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம். எடுத்த முறை, குழாயின் சூடு, கடைசியாகச் சேகரித்த நாள், கடந்த மூன்று மாதத்தில் வந்த நோய் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி, 60 நாள் கழித்து வரும் தேதியையும் அதன் கீழே குறித்துக் கொடுங்கள்.