போவது சுலபம், திரும்புவதில்தான் சிக்கல்: ஜெர்மனியில் படிக்கும்போது வார இறுதிப் பயணங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய ஃப்ரைலாசிங் என்ற ஜெர்மன் ஊரை மியூனிக்கில் படிக்கும் நம்மவர்கள் பெரும்பாலும் ரயில் ஜன்னல் வழியாக மட்டும்தான் பார்த்திருப்பார்கள். நான் அங்கே பிளாட்பார பெஞ்சில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் போய்விட்டு ஞாயிறு இரவு திரும்பும்போது போலீஸ்காரர்கள் இரண்டு பேர் பெட்டியில் ஏறி பாஸ்போர்ட் கேட்டார்கள். எங்கள் நாலு பேரில் ஒருவன் மொபைலை எடுத்து பாஸ்போர்ட்டின் போட்டோவைக் காட்டினான். அசல், அறையில் சூட்கேஸுக்குள் பத்திரமாக இருந்தது. அவனை இறக்கினார்கள், தனியாக விட மனசில்லாமல் நாங்களும் இறங்கினோம், விசாரித்து அனுப்பி வைத்தபோது கடைசி ரயில் போய்விட்டிருந்தது. போலீஸ் மேல் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை.

காலையில் ஆஸ்திரியாவுக்குள் போனபோது ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் எங்களை ஏமாற்றியது. அந்தப் பயணத்துக்காக வாட்ஸ்ஆப் குழுவில் மூன்று நாள் பேசினோம், எந்தக் கோட்டை, எங்கே சாப்பாடு, யார் கேமரா எடுத்து வருவது என்று. எத்தனை மணிக்கு, எப்படித் திரும்புவது என்று ஒரு வரி பேசவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால், ஜெர்மனியில் இருந்த இரண்டரை வருஷத்தில் நானும் நண்பர்களும் மாட்டிக்கொண்ட சிக்கல்களில் முக்கால்வாசி திரும்பும் வழியில் வந்தவைதான்.

ஷெங்கன் பகுதி, அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள் என்றால் எல்லையே இல்லை என்ற நினைப்பை முதலில் விடுங்கள். ஜெர்மன் குடியிருப்பு அனுமதி இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை சுற்றலாம், சரி. ஆனால் பாஸ்போர்ட், அனுமதி அட்டை இரண்டும் அசலாகக் கையில் இருக்க வேண்டும். ஆஸ்திரிய எல்லையில் 2015 முதலே சோதனை உண்டு, 2024 செப்டம்பர் 16 முதல் அதை எல்லா நில எல்லைகளுக்கும் விரித்தார்கள். சோதனை நடப்பது ஜெர்மனிக்குள் நுழையும்போது, அதாவது நீங்கள் களைத்துப்போய், சார்ஜ் தீர்ந்த போனோடு திரும்பும்போது.

இதைவிடப் பெரிய சிக்கல் அனுமதி அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கும் மாதங்களில் வரும். அப்போது ஃபிக்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்று ஒரு தற்காலிகச் சான்று தருவார்கள். அதைப் பார்த்ததும், ஆஹா, இது போதும் என்று பிராக் கிளம்பிவிடக் கூடாது. உள்ளே எந்தக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். குடியிருப்புச் சட்டத்தின் பிரிவு 81-இன் 4-ஆம் உட்பிரிவு என்றால் பழைய அனுமதி தொடர்வதாக அர்த்தம், வெளியே போய்த் திரும்பலாம். 3-ஆம் உட்பிரிவு என்றால் ஜெர்மனிக்குள் இருக்கலாம், அவ்வளவுதான், வெளியே போனால் அதை வைத்துத் திரும்ப நுழைய முடியாது. லண்டனும் டப்ளினும் ஷெங்கனிலேயே இல்லை, அதற்குத் தனி விசா என்பதையும் டிக்கெட் போடுவதற்கு முன்பே ஞாபகம் வையுங்கள்.

அடுத்து டொய்ச்லாண்ட் டிக்கெட், நாடு முழுக்க வட்டார ரயிலிலும் பஸ்ஸிலும் போக உதவும் மாதச் சீட்டு. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025-இல் 58, 2026 ஜனவரியில் 63 ஆயிற்று. பல பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணத்தோடு குறைந்த விலையில் கிடைக்கும். இது கையில் இருந்தால் நாடே நம்முடையது என்று தோன்றும், ஆனால் ஐசிஇ, ஐசி போன்ற வேக ரயில்களில் செல்லாது. வட்டார ரயில்களை மட்டும் வைத்துக்கொண்டு மியூனிக்கிலிருந்து பெர்லின் போக முயல்கிறவர்கள் உண்டு. மூன்று நாலு இடத்தில் மாற வேண்டும், ஒன்று தாமதமானால் மற்றதெல்லாம் சரிந்துவிடும். காலையில் அப்படிச் சரிந்தால் அடுத்த ரயில் இருக்கிறது. ஞாயிறு இரவு பத்து மணிக்கு, பெயர் கேள்விப்படாத ஒரு சந்திப்பில் நடந்தால் அது வேறு கதை. என் வழக்கம் என்னவென்றால், போவது வட்டார ரயிலில், திரும்புவது முன்கூட்டியே வாங்கிய மலிவு ஐசிஇ டிக்கெட்டில். அந்த மலிவு டிக்கெட் ஒரே ரயிலுக்குக் கட்டுப்பட்டது, ஆனால் போய்ச் சேர 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் கட்டு விலகிவிடும், வேறு ரயிலில் ஏறலாம். 60 நிமிடம் தாமதமானால் 25 சதவீதமும், 120 நிமிடம் ஆனால் 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம். நம்மவர்களில் பாதிப்பேர் இதைக் கேட்பதே இல்லை, ஏனென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

போனிலேயே டிக்கெட் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. நாள் முழுக்க போட்டோ, மேப், வீடியோ என்று ஓட்டிவிட்டுத் திரும்பும்போது போன் அணைந்துவிட்டால், பரிசோதகர் கண்ணுக்கு நீங்கள் டிக்கெட் இல்லாத பயணிதான். அபராதம் 60 யூரோ. உங்கள் பேரில் டிக்கெட் இருந்ததைப் பின்னால் காட்டினால் சிறு கட்டணத்தோடு முடியும், ஆனால் அந்த அலைச்சலுக்கு ஒரு பவர் பேங்க் எவ்வளவோ மேல்.

மியூனிக்கிலிருந்து டேகர்ன்ஸே ஏரிக்குப் போகிற ரயிலில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே ரயிலாகக் கிளம்பி ஹோல்ஸ்கிர்ஹெனில் பிரியும், அப்புறம் ஷாஃப்ட்லாஹில் இன்னொரு தடவை பிரியும். தவறான பெட்டியில் கதை பேசிக்கொண்டிருந்தால் ஏரிக்குப் பதில் பைரிஷ்செல்லில் போய் இறங்குவீர்கள். பெட்டியின் பக்கவாட்டில் ஊர்ப் பெயர் எழுதியிருக்கும், படியுங்கள். நான் படிக்கவில்லை. பைரிஷ்செல் அழகான ஊர்தான், அது வேறு விஷயம்.

இப்போது கால்பந்து. ஜெர்மனியில் படித்துவிட்டு ஒரு பூண்டஸ்லீகா ஆட்டம்கூடப் பார்க்காமல் வருவது பாவம், ஒப்புக்கொள்கிறேன். நின்றுகொண்டே பார்க்கும் இடங்கள் அங்கே இன்னும் இருக்கின்றன. டார்ட்மண்டின் தெற்கு அரங்கில் மட்டும் 24 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நிற்கலாம், மொத்த மைதானம் 81,365 பேர் கொள்ளும். ஆனால் அட்டவணை வந்தவுடன் ரயிலும் விடுதியும் போடாதீர்கள். சீசன் தொடக்கத்தில் வருகிற அட்டவணை எந்த வார இறுதி என்பதை மட்டும்தான் சொல்லும். வெள்ளி இரவா, சனி மதியம் 15:30-ஆ, சனி மாலை 18:30-ஆ, ஞாயிறா என்பது பிறகுதான் முடிவாகும். என் அறைத்தோழர் ஒருவர் சனிக்கிழமை என்று தானாகவே முடிவுசெய்து, பணம் திரும்பாத டிக்கெட்டுகளை வாங்கினார். ஆட்டம் ஞாயிறு மாலைக்குப் போய்விட்டது. அவர் சனிக்கிழமை டார்ட்மண்ட் போய், மூடிய கேட்டுக்கு முன்னால் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பினார்.

டிக்கெட்டை முகம் தெரியாத இணையத் தளங்களில் மூன்று மடங்கு விலைக்கு வாங்க வேண்டாம், நுழைவாயிலில் செல்லாது என்று சொல்லிவிட்டால் அழுவதற்குக்கூட ஆள் கிடைக்காது. கிளப்பின் அதிகாரபூர்வ மறுவிற்பனைப் பக்கத்தை ஆட்டத்துக்கு முந்தைய சில நாள்கள் திரும்பத் திரும்பப் பாருங்கள், ஒற்றை இருக்கைகள் வந்து விழும். அல்லது இரண்டாம், மூன்றாம் டிவிஷன் ஆட்டத்துக்குப் போங்கள், அங்கேயும் சத்தத்துக்குக் குறைவிருக்காது. பெரிய பையோடு போகாதீர்கள், பல மைதானங்களில் ஏ4 தாளைவிடப் பெரிய பைக்கு அனுமதி இல்லை, ஊர் சுற்றிவிட்டு அப்படியே முதுகுப்பையோடு வருகிற நம்மவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவது. எதிரணி ஜெர்சியோடு உள்ளூர் ரசிகர்கள் நிற்கும் பகுதிக்குள் போவது வீரம் அல்ல. ஆட்டம் முடிந்ததும் அத்தனை ஆயிரம் பேரும் ஒரே ஸ்டேஷனுக்குத்தான் நடப்பார்கள். அதனால் கடைசி விசிலிலிருந்து உங்கள் ரயிலுக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரமாவது விடுங்கள். மாலை 18:30 ஆட்டம் என்றால் தூரத்து ஊர்க்காரர்கள் அன்றிரவே திரும்பும் ஆசையை விட்டுவிட்டு விடுதியில் படுத்துவிடுவதே மேல்.

மலைக்குப் போவது இன்னொரு மயக்கம். ஜெர்மனியின் உயரமான சிகரம் சுக்ஷ்பிட்ஸ, 2,962 மீட்டர். மியூனிக் சுமார் 520 மீட்டரில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்று பள்ளியில் படித்தோமே, அதைப் போட்டுப் பாருங்கள், கீழே 25 டிகிரி என்றால் மேலே பத்துக்கும் கீழே. ஷார்ட்ஸும் செருப்புமாக வந்து உச்சியில் நடுங்கிக்கொண்டு நிற்பவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கலாம். பருத்தி டி-ஷர்ட் வியர்வையில் நனைந்தால் காயாது, இறங்கும்போது காற்றில் உடம்பு விறைத்துப்போகும். கேபிள் காரில் ஏறியவுடன் கடைசிக் கேபிள் கார் எப்போது என்று பலகையில் பாருங்கள், பல இடங்களில் மாலை நாலரை, ஐந்துக்கே முடிந்துவிடும்.

பனிச்சறுக்கிலும் அப்படித்தான், விழுவது பெரும்பாலும் முதல் சறுக்கலில் இல்லை, இன்னும் ஒரே ஒரு தடவை என்று கால் சோர்ந்தபின் போகிற கடைசிச் சறுக்கலில். சறுக்குத் தடங்களில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். முதல் நாளே நண்பன் கூப்பிட்டான் என்று சிவப்புக்குப் போகாதீர்கள். உங்களுக்கு முன்னால் கீழே சறுக்குகிறவருக்கே முன்னுரிமை, பின்னால் வருகிறவர்தான் ஒதுங்க வேண்டும். யார் மேலாவது மோதிக் காயப்படுத்தினால் செலவு உங்கள் தலையில், அதனால் ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் என்கிற பொறுப்புக் காப்பீடு இல்லாமல் சறுக்கவே போகக் கூடாது என்பேன்.

மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் தவறு. ஜெர்மன் அரசுக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம் ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டைதான், ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியுரிமை உள்ள நமக்கு அது சுவிட்சர்லாந்து, டென்மார்க், நார்வே போன்ற சில நாடுகளில் பயன்படாது. அங்கே போகிறீர்கள் என்றால் தனிப் பயணக் காப்பீடு எடுங்கள். காயமில்லாமல் வழி தவறி நிற்கும் உங்களை ஹெலிகாப்டரில் கொண்டு வரும் செலவையும் அரசுக் காப்பீடு ஏற்காது. அடிக்கடி மலைக்குப் போகிறவர்கள் ஜெர்மன் ஆல்பைன் கிளப்பில் சேரலாம், உறுப்பினர்களுக்கு 25,000 யூரோ வரை மீட்புச் செலவுக்குக் காப்பு உண்டு. அவசரத்துக்கு எங்கும் 112.

விமானம் என்றால் ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். ஃப்ராங்க்ஃபர்ட் ஹான் விமான நிலையம் ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, பாரிஸ் பொவே பாரிஸிலிருந்து சுமார் 80. ராத்திரி பதினொன்றுக்கு இறங்கினால் பஸ் இருக்குமா என்று பார்த்துவிட்டு அப்புறம் அந்த மலிவு டிக்கெட்டைப் பாராட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். வெள்ளிக்கிழமையே பாலும் ரொட்டியும் வாங்கி வைத்துவிட்டுக் கிளம்புங்கள், மறந்துவிட்டால் பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் சூப்பர் மார்க்கெட்தான் கதி, அங்கே வரிசை கோயில் கூட்டம் மாதிரி இருக்கும். கோடைக்காகக் கடிகாரத்தை முன்னால் தள்ளுவதால் மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை இரண்டு மணி நேராக மூன்றாகிவிடும். போன் தானாக மாறிக்கொள்ளும், ஆனால் ஏழு மணி ரயிலுக்கு ஆறு மணி நேரம் தூங்கலாம் என்று போட்ட கணக்கு மாறாது, ஐந்து மணி நேரம்தான் கிடைக்கும். அந்த வாரம் மட்டும் ஞாயிறு காலை முதல் ரயிலை நான் எடுப்பதில்லை.