கலப்பு அல்டிமேட்: பாளையங்கோட்டையில் உலக விதிப்படி முதல் ஆட்டம் நடத்துவது எப்படி?

அல்டிமேட் என்ற பறக்கும் தட்டு ஆட்டத்துக்கு, ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுகிற ‘கலப்பு அணி’ என்று நோட்டீஸில் போட்டுவிட்டு, ஏழு பேரில் ஒரே ஒரு பெண்ணை இறக்கி ஆடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு நட்பு ஆட்டத்தில், எங்கள் அணிப் பெண்கள் நாலு பேர் கடைசி வரை கோட்டுக்கு வெளியேதான் நின்றார்கள். அதில் ஒரு பிள்ளை முக்கூடலில் இருந்து ரெண்டு பஸ் மாறி வந்தவள். ஷூ லேஸை அவிழ்ப்பதும் மறுபடி கட்டுவதுமாக உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால் உடனே ஓடவேண்டும் அல்லவா, அதற்காக. கூப்பிடவே இல்லை.

அங்கே யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. எத்தனை பெண்கள் இறங்கவேண்டும் என்பது கேப்டன் மனசு வைப்பதைப் பொறுத்தது என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அது விதியிலேயே இருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. உங்கள் முதல் ஆட்டமாவது சரியாக நடக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: விதி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அல்டிமேட் என்பது பறக்கும் தட்டை, அதாவது டிஸ்க்கை, கைக்குக் கை எறிந்து எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பிடித்தால் ஒரு பாயிண்ட் என்ற ஆட்டம். டிஸ்க் கையில் இருக்கும்போது ஓடக்கூடாது. 1968-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் தொடங்கியது. இன்றைக்கு இதன் விதிகளை எழுதுவது 1985-ல் அமைந்த உலகப் பறக்கும் தட்டு சம்மேளனம், சுருக்கமாக டபிள்யூ.எஃப்.டி.எஃப். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2015-ல் இதற்கு முழு அங்கீகாரம் தந்தது. 2001-ல் ஜப்பானின் அகிதாவில் நடந்ததில் இருந்து ‘வேர்ல்ட் கேம்ஸ்’ என்கிற உலக விளையாட்டுப் போட்டிகளில் அல்டிமேட்டைக் கலப்பு அணிகள்தான் ஆடுகின்றன.

உலக அமைப்புக்குக் கீழே கண்டத்துக்கு ஒன்று, அதற்குக் கீழே நாட்டுக்கு ஒன்று, அப்புறம் நம் மாதிரி அணிகள். இந்த ஏணியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. விதிப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதை இறக்கிக்கொள்ளுங்கள். விதி தெரியுமா என்று சோதிக்கும் தேர்வும் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. அணியில் எல்லோரும் எழுதுங்கள், கேப்டன் மட்டும் எழுதினால் போதாது. ஏன் என்று படி 4-ல் புரியும்.

படி 2: மைதானமும் காற்றும்

முழு அளவு 100 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். இரண்டு முனையிலும் 18 மீட்டர் எல்லைப் பகுதி. பள்ளிக்கூட மைதானத்தில் அவ்வளவு இடம் இருக்காது. அதே விகிதத்தில் சுருக்கி, மூலைக்கு மூலை சிரட்டையைக் கவிழ்த்து வைத்தால் போதும். டிஸ்க் 175 கிராம் எடையில் இருக்கட்டும். கடையில் விற்கிற குழந்தைகளின் தட்டை வாங்காதீர்கள், கயத்தாறு காற்றாலைகளைச் சுற்றவைக்கிற காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஆனி, ஆடியில் காலை ஆறு மணிக்கே ஆரம்பிப்பது நல்லது. ஒவ்வொரு பாயிண்டுக்கும் அணிகள் பக்கம் மாறவேண்டும் என்பது விதி. அதனால் மேல்காத்து ஒரே அணிக்குச் சாதகமாக இருந்துவிடாது.

படி 3: டிஸ்க்கை இரண்டு தடவை சுண்டுங்கள்

இதுதான் முக்கியமான படி, அவசரப்படாமல் செய்யுங்கள். கேப்டன்கள் ரெண்டு பேரும் ஆளுக்கொரு டிஸ்க்கை மேலே சுண்டவேண்டும். ஒருவர் ‘ஒண்ணுபோல’ அல்லது ‘வேற வேற’ என்று சொல்லவேண்டும். செம்மண்ணில் விழுந்த டிஸ்க்குகள் ரெண்டும் குப்புறக் கிடந்தாலோ ரெண்டும் மல்லாந்து கிடந்தாலோ ‘ஒண்ணுபோல’. ஜெயித்தவர் முதலில் எறிவதா, பிடிப்பதா, அல்லது எந்தப் பக்கம் என்று முடிவு செய்வார். இது வழக்கமான டாஸ்.

கலப்பு ஆட்டத்தில் இன்னொரு தடவை சுண்டவேண்டும். விதிப் புத்தகத்தின் பின்னிணைப்பில் இதற்கு ‘விதி ஏ’ என்று பெயர். இதில் ஜெயித்தவர், முதல் பாயிண்டுக்கு நாலு பெண்கள் மூன்று ஆண்களா, மூன்று பெண்கள் நாலு ஆண்களா என்று சொல்வார். அதே விகிதம் இரண்டு அணிக்கும் பொருந்தும்.

முதல் பாயிண்ட் நாலு பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2, 3-வது பாயிண்டுகளில் மூன்று பெண்கள். 4, 5-ல் மறுபடி நாலு. 6, 7-ல் மூன்று. முதலில் ஒன்று, அப்புறம் ரெண்டு ரெண்டாக மாறிக்கொண்டே போகும். இடைவேளை வந்தாலும் இந்த வரிசை மாறாது.

முதலில் 15 பாயிண்ட் எடுக்கிற அணி ஜெயிக்கும் ஆட்டம் 15-12 என்று முடிந்தால் மொத்தம் 27 பாயிண்ட். எண்ணிப் பாருங்கள்: 13 பாயிண்டில் நாலு பெண்கள், 14 பாயிண்டில் மூன்று பெண்கள். எந்த நேரத்திலும் மூன்றுக்குக் குறையவே முடியாது. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை, யாரும் யாரையும் கெஞ்சவில்லை. எனக்கு இந்த விதியில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கம் 1 முதல் 29 வரை எழுதி, பக்கத்தில் 4 அல்லது 3 என்று குறித்துக் கோட்டோரம் வையுங்கள். ஒவ்வொரு பாயிண்டுக்கும் முன்னால் கேப்டன்கள் சத்தமாகச் சொல்லட்டும். பெண்கள் பற்றாக்குறை என்றால் ஆணைப் போட்டு நிரப்பாதீர்கள், ஆள் குறைவாகவே ஆடுங்கள். அடுத்த வாரம் இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிவர அது உங்களை விரட்டும்.

படி 4: நடுவர் இல்லாமல் பேசித் தீர்ப்பது

இந்த ஆட்டத்துக்கு நடுவரே கிடையாது. உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில்கூட ஃபௌல் சொல்வது ஆடுகிறவர்கள்தான். உடம்பு இடிக்காமல் ஆடவேண்டும், விதியைக் காப்பது ஒவ்வொருவர் பொறுப்பு என்று புத்தகத்தின் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள்.

போன மாதம் எங்கள் மைதானத்தில் நடந்தது இது. பதினாறு வயசுப் பிள்ளை பிடிக்கப் போன டிஸ்க்கை, கல்லூரி படிக்கிற பையன் தட்டிவிட்டான்.

“ஃபௌல். எண்ணே, கையில இடிச்சிட்டீங்க.”

“இல்ல பிள்ள, டிஸ்க்லதான் பட்டுச்சு.”

ஆட்டம் நின்றது. அவள் மணிக்கட்டைக் காட்டி, எந்த இடத்தில் பட்டது என்று சொன்னாள். அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, தனக்கு அப்படித் தெரியவில்லை என்றான். சுற்றி நின்றவர்கள் வாய் திறக்கவில்லை, பக்கத்தில் இருந்து பார்த்தவர்களை மட்டும் ரெண்டு பேரும் கேட்டார்கள். ஒத்துவரவில்லை. விதிப்படி டிஸ்க் எறிந்தவரிடமே திரும்பிப் போனது, அதே எறி மறுபடி. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவள் விதியைப் படித்திருந்தாள். அதனால்தான் தன்னைவிட மூத்தவனிடம் குரல் நடுங்காமல் பேச முடிந்தது. எல்லோரும் தேர்வு எழுதவேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். பயிற்சியின்போதே சும்மா ஒரு ஃபௌல் சொல்லவைத்து, பேசிப் பழக்குங்கள். முதல் நாள் பெண்கள் சொல்லத் தயங்குவார்கள், பையன்கள் கத்துவார்கள். ரெண்டையும் சரிசெய்ய வேண்டியது பயிற்சியாளர் வேலை.

படி 5: வட்டமும் மதிப்பெண் தாளும்

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் கலந்து வட்டமாக நில்லுங்கள். எதிரணி செய்த நல்லதை ஒவ்வொரு அணியும் சொல்லட்டும். அப்புறம் தனியாகப் போய் எதிரணிக்கு மதிப்பெண் போடவேண்டும். விதி தெரிந்து ஆடியது, ஃபௌலும் உடம்பு இடித்தலும், நியாய மனசு, நல்ல மனநிலையும் தன்னடக்கமும், பேசிய விதம் என ஐந்து தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. 2 என்றால் நன்றாக ஆடினார்கள் என்று அர்த்தம், ஆக மொத்தம் 10 வந்தால் நல்ல ஆட்டம். பள்ளிக்கூட மார்க் மாதிரி நினைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் 4 போட்டுவிடாதீர்கள்.

தாளைக் கேப்டன் மட்டும் நிரப்பக்கூடாது. எங்கள் அணியில் பேனா இப்போது அந்த முக்கூடல் பிள்ளையிடம் இருக்கிறது. எல்லோரையும் கேட்டு அவள்தான் எழுதுவாள்.